அந்த டிக் சத்தம்

ஒலிப்பதிவு ஸ்டூடியோ முதலாளி கத்திய கத்தலில், அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அனுப்பின பேட்டிப் பதிவுல இருந்த டிக் சத்தத்தை வெட்டி எடுத்துக் காட்டினா வேலைன்னு சொன்னேன். எடுத்தே காட்டிட்டியே! என் ஆளுங்க கேட்டுக் கேட்டு, அது எங்க வருதுன்னே புடிபடலம்மா."

"எடுத்தது நான் இல்ல சார், என் தங்கச்சி."

வேலை போனாலும் போகட்டும், அடுத்தவள் உழைப்பைத் தன்னுடையதென்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"அடேங்கப்பா, என்னா காது! போனை அவகிட்ட குடு."

"அவ போன்ல பேச மாட்டா சார்."

"அவ்வளவு திமிரா?"

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. "திமிரு இல்ல சார். அவளுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. கம்ப்யூட்டர்ல குரல் அலை அலையா தெரியுதில்ல, அதுல ஒரு இடத்துல முள்ளு மாதிரி நீட்டிட்டு இருந்துச்சாம். பெருசு பண்ணிப் பார்த்து வெட்டிட்டா."

முதலாளி இன்னும் உரக்கக் கத்தினார்.

"நாளைக்கு ரெண்டு பேருமே வேலைக்கு வந்துடுங்க."

அவள் தங்கையிடம் சைகையில் விஷயத்தைச் சொன்னாள். "ஆனா அந்த ஆள் வாயைத் திறந்தாலே கத்துவாருடி. பரவாயில்லையா?"

தங்கை சிரித்துக்கொண்டே விரல்களால் பதில் சொன்னாள்: "கத்தட்டுமே, எனக்கென்ன!"