நடிக்கத் தெரியாதவர்

"இந்த வீட்டுலயா? சினிமாவா? அம்மா ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லையே சார்!"

கதவைத் திறந்த இளைஞனுக்கு வாயெல்லாம் பல். வாசலில் நின்றவர் ஒரு காலத்தில் சினிமாவில் லைட்மேன். வேலை பார்த்தது ஒரே ஒரு படம். அதுவும் பாதியில் பணம் தீர்ந்து பெட்டிக்குள் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. இப்போது தலையில் ஒரு முடி மிச்சமில்லை. போனதற்கு ஈடாக வெள்ளைத் தாடி வந்திருந்தது.

"உள்ள வாங்க சார். என்ன விஷயமா வந்தீங்க?"

"ஷூட்டிங் சாமான் ஒண்ணை இங்கேயே விட்டுட்டுப் போயிட்டோம் தம்பி. இருந்தா எடுத்துக்கலாம்னு வந்தேன். நான் சினிமாவுல இருந்தேன்னா வீட்டுல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. பேரன் 'கதை விடாதீங்க தாத்தா'ங்கறான். அதைக் காட்டினாத்தான் அவன் வாயை அடைக்க முடியும். என்கிட்ட வேற ஆதாரமே இல்லை."

"உட்காருங்க. அம்மா பின்னாடி துணி காயப் போடறாங்க. வந்ததும் கேட்போம்."

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலுக்கு மேலே அவர் விளக்குக் கட்டிய ஆணி அப்படியே இருந்தது. சுண்ணாம்பு அடித்தவர்கள் அதற்கும் சேர்த்து அடித்திருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்கள் அவர் வாழ்க்கையில் மறுபடி வரவே இல்லை.

"ஆள் பஞ்சம் தம்பி. ஒருத்தருக்கும் கொடுக்கக் காசு கிடையாது. அதனால நாங்களே எல்லாம். மேனேஜர்தான் போலீஸ்காரர். கேமராமேன் சம்சாரம் நர்ஸ். டைரக்டரே சமையல். அவர் வசனத்துல இல்லாத உப்பு சோத்துலயும் இருக்காது."

இளைஞன் விழுந்து விழுந்து சிரித்தான். "நீங்க என்ன வேஷம் சார்?"

"எனக்கு நடிப்பு சுட்டுப் போட்டாலும் வராது. கேமராவைப் பார்த்தாலே கை கால் உதறும். 'உனக்கு ஏத்த வேஷம் ஒண்ணு இருக்குய்யா, நீ வாயே திறக்க வேண்டாம்'னு டைரக்டர் என்னையும் விட்டு வைக்கலை."

"நான் அப்போ எங்கே?"

"இதோ, இந்த மூலையில தொட்டில்ல. நீ கண்ணசந்தா நான் விளக்கை அணைச்சிடுவேன். டைரக்டர் குதிப்பார். 'குழந்தை முழிச்சா நீங்களே பாடித் தூங்க வைங்க'ம்பேன். அப்புறம் ஆள் கப்சிப்."

சொல்லிவிட்டு அவர் அந்த மூலையையே பார்த்தார். படப்பிடிப்பு நடந்த நாட்களில் இந்த வீட்டுப் பெண்ணிடம் கணவரைப் பற்றிக் கேட்டபோது, "வெளியூர் போயிருக்கார்" என்றாள். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் போலிருந்தாள்.

"அப்படின்னா எங்க அப்பாவைப் பார்த்திருப்பீங்களே!" இளைஞன் துள்ளி எழுந்து உள் அறைக்கு அவரை அழைத்துப்போனான். "இவர்தான் சார்."

சுவரில் ஒரு போட்டோ. கண்ணாடி பளபளவென்று துடைக்கப்பட்டிருந்தது. சுருள் முடி, கட்டம் போட்ட சட்டை, கொஞ்சம் மிரண்ட பார்வை.

"நான் கைக்குழந்தையா இருந்தப்பவே தவறிட்டார். அதிர்ந்து பேச மாட்டாராம். நான் தூங்கிட்டா விளக்கை அணைச்சிட்டு இருட்டுலயே உட்கார்ந்திருப்பாராம். அம்மா சொல்லிச் சொல்லி, கூடவே வளர்ந்த மாதிரி இருக்கு. வேலைக்குப் போன முதல் நாள் இவர்கிட்டதான் சொல்லிட்டுப் போனேன். எனக்குக் கோபம் வந்தாக்கூட, அப்பா இருந்தா என்ன செய்வார்னு ஒரு தரம் யோசிச்சுப் பார்ப்பேன் சார்."

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். 

"யாருப்பா வந்திருக்கறது?" என்று கேட்டபடி வந்த தாய், அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். காலி வாளி கையிலிருந்து நழுவி உருண்டது. தாடி அவளை ஏமாற்றவில்லை.

"வாங்கண்ணா," என்றாள். குரல் எழும்பவில்லை.

"அம்மா, இவர் ஏதோ ஷூட்டிங் சாமானைத் தேடி வந்திருக்கார். நம்ம வீட்டுல எங்கயாவது இருக்கா?"

அவள் மகனைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதெல்லாம் இங்க இல்லை தம்பி," என்றார் அவர். "நல்லாப் பார்த்துட்டேன். அப்பவே யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

"அடடா, இவ்வளவு தூரம் வந்து வீணாப் போச்சே. சரி, அப்பாவைப் பார்த்திருக்கீங்களா இல்லையா? அதைச் சொல்லவே இல்லையே!"

"பார்க்காம என்ன? தங்கமான மனுஷன். உன் மேல உயிரையே வெச்சிருந்தார்."

கை உதறவில்லை. நாக்குத் தடுமாறவில்லை. அந்தத் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தெருமுனை திரும்பும்போது செல்போன் அடித்தது. மகள்.

"என்னப்பா, உங்க ஆதாரம் கிடைச்சுதா?"

"கிடைக்கலைம்மா. தாத்தா கதைதான் விட்டார்னு பேரன்கிட்ட சொல்லிடு."

"சும்மா விளையாடினோம்ப்பா, அதுக்குப் போய்க் கோவிச்சுக்கறீங்களே. சரி, அந்தப் படத்துல உங்களுக்கு என்ன வேஷம்? அதையாவது இன்னிக்குச் சொல்லுங்க."

அவர் நின்று அந்த வீட்டை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"கதாநாயகியோட செத்துப்போன புருஷன்மா. சட்டம் போட்ட போட்டோவா சுவத்துல தொங்கினேன்."