மூன்றுக்கு மூன்று

“மூட்டைல பாதிய எங்கடா எறக்கி வெச்சுட்டு வந்த?”

உடை மாற்றும் அறையே சிரித்தது. மூட்டையும் சிரித்தான். நூற்றுப் பதினெட்டு கிலோ இருந்தபோது வைத்த பெயர். இப்போது தொண்ணூறு.

கிண்டல் இதமாக இருந்தது. ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து இருபது மாதமாக யாரும் அவனைக் கிண்டல் செய்யவில்லை. கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவர்கள் போல் பேசினார்கள். மனைவிகூடச் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். மருந்தைவிட அதுதான் கசந்தது.

மறுபடி ரக்பி ஆட இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று டாக்டருடையது, இன்று வரவேண்டிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் போடுவார். மற்றது கோச்சுடையது.

ஐந்து ஸ்க்ரம், என்று சொல்லியிருந்தார் கோச். முன்வரிசை மட்டும், மூன்றுக்கு மூன்று. ஒரு தடவை கால் பின்னால் போனாலும் வீட்டுக்குப் போய்விட வேண்டியது. அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்ததாக அந்த கிளப்பில் சரித்திரமே இல்லை.

மைத்துனன் தாமதமாக வந்தான். மனைவியின் தம்பி, எதிர்வரிசையில் மூட்டைக்கு நேர் எதிரே நிற்கவேண்டியவன். கூரியர் வண்டி ஓட்டுகிறான். ரிப்போர்ட்டை வழியில் தானே வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தான். கேட்டருகே கோச்சிடம் ஏதோ பேசிவிட்டு உள்ளே வந்தான்.

“என்னாச்சு மாப்ள?”

“நாளைக்குத்தான் தருவாங்களாம் மாமா.” குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

மைதானத்தில் கோச் எதிர்வரிசை மூவரையும் ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார். பாவம் பார்க்காதீர்கள் என்று சொல்லியிருப்பார். மூட்டை தோள்களைச் சுழற்றிவிட்டுக்கொண்டான்.

ஸ்க்ரம் என்றால் இதுதான். மூன்று பேர் ஒருவர் தோளை ஒருவர் இறுக்கிக்கொண்டு குனிவார்கள். எதிரே மூன்று பேர். தலைகள் ஒன்றன் இடையில் ஒன்று புகுந்து பூட்டிக்கொள்ளும். பிறகு தள்ள வேண்டியதுதான். உள்ளே போய்விட்டால் யார் முகமும் யாருக்கும் தெரியாது. புல்லும் பூட்ஸும் தெரியும்.

“குனி. பிடி. முட்டு.”

மூட்டையின் கால் மண்ணைக் கவ்வியது. எதிர்ப்பக்கம் ஓரடி நகர்ந்தது.

அவனால் நம்ப முடியவில்லை.

இரண்டாவதில் ஒன்றரை அடி.

“என்னடா மாப்ள, காலைல வெறும் தண்ணியக் குடிச்சுட்டு வந்தியா?”

இதற்கு முன் ஸ்க்ரம்முக்குள் மைத்துனன் வாயை மூடி இருந்ததே கிடையாது. மூட்டையின் பரம்பரையையே இழுப்பான், தன் அக்காவை மட்டும் விட்டுவிட்டு.

மூன்றாவது முடிந்ததும் கோச், “நல்லா பண்றப்பா” என்றார்.

மூட்டை திரும்பிப் பார்த்தான். கோச் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான்காவது.

தள்ளினான். போனார்கள். பன்னிரண்டு வருடமாக அவன் தோள் மற்றவர்கள் தோளைப் படித்திருக்கிறது. களைத்த தோள் தெரியும். ஏமாற்றுகிற தோள் தெரியும். இது வழிவிடுகிற தோள்.

மைத்துனனின் காது அவன் காதோடு அழுந்தியிருந்தது. எலும்பு வழியாக ஒரு சத்தம் வந்தது. மூச்சிரைப்பு என்று நினைத்தான். மூச்சிரைப்பு சீராக வரும். இது விக்கி விக்கி வந்தது.

ரிப்போர்ட் வந்துவிட்டது.

கவரைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் இவன் இப்படி அழமாட்டான். டாக்டர் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார்.

விசில். பிரிந்து நிமிர்ந்தார்கள். மைத்துனன் ஜெர்ஸியைத் தூக்கி முகத்தைத் துடைத்தான், வெகுநேரம் துடைத்தான்.

“அஞ்சாவது வேணாம். அதான் பாத்துட்டேனே,” என்றார் கோச். தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். “சனிக்கிழம மேட்சுக்கு வந்துருப்பா.”

டாக்டர் கையெழுத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. இடதுபக்கம் நின்றவன் பூட்ஸிலிருந்து மண்ணைச் சுரண்டினான். வலதுபக்கம் நின்றவன் வானத்தைப் பார்த்தான்.

மூட்டையிடம் ஒரு கேள்வி இருந்தது. எல்லோர் முன்னாலும் கேட்டால் மைத்துனன் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லியாக வேண்டும். அவனுக்கோ அதைவிடக் கஷ்டமாக, அக்கா வீட்டுக்கு வேறு போக வேண்டியிருந்தது.

“அஞ்சுன்னா அஞ்சுதான் சார்,” என்றான் மூட்டை. “குனிங்கடா.”

குனிந்தார்கள். பூட்டிக்கொண்டார்கள்.

இந்த முறை அவன் தள்ளவில்லை. எதிரேயும் யாரும் தள்ளவில்லை. தள்ளாத ஸ்க்ரம்மில் ஆறு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவன் விலகினால் அத்தனை பேரும் விழுவார்கள்.

“உங்கக்காகிட்ட சொல்லிட்டியா?”

அழுந்தியிருந்த காது, இல்லை என்பதுபோல் அவன் காதின்மேல் இப்படியும் அப்படியும் உரசியது.

“சனிக்கிழம முடியட்டும். அதுவரைக்கும் ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

மைத்துனனின் கை அவன் ஜெர்ஸியை இறுக்கிப் பிடித்தது. பிடிப்பதற்கு நிறையத் துணி இருந்தது.