கயிறு காணாத கார்

பெரியவரின் அப்பா வாங்கிய கார் அது. நடுவழியில் எத்தனையோ முறை படுத்திருக்கிறது. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிக்கொண்டு வருவார்களே தவிர, அதைக் கயிறு கட்டி இழுக்க அந்த வீட்டார் ஒருநாளும் விட்டதில்லை. அப்பாவுக்குப் பிறகு பெரியவரும் அந்த மானத்தைக் காப்பாற்றி வந்தார்.

இந்த முறை மெக்கானிக் வீட்டுக்கே வந்து இன்ஜினைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போயிருந்தான். பழுது பார்த்தாயிற்று, பொருத்துவதற்கு வண்டியை அனுப்புங்கள் என்று காலையில் சொல்லி அனுப்பினான். சேதி கேட்ட மைத்துனர் தம் புதுக் காரில் கயிற்றோடு வந்து இறங்கினார்.

"இந்தத் தகர டப்பாவ அப்பவே வித்துத் தொலைங்கன்னு சொன்னேனே அத்தான்! இப்ப பாருங்க, நான் இழுத்த இழுப்புக்கு வர வேண்டியதாப் போச்சு."

அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"கயித்த உன் வண்டியிலயே வச்சுக்க மாப்பிள்ளை. உனக்குத்தான் தேவைப்படும்."

பெரியவர் ஏறி அமர்ந்து, வழக்கம்போல் சாவியைத் திருப்பினார். வண்டி ஒருமுறை செருமிவிட்டுக் கிளம்பியது. மைத்துனர் கையில் கயிற்றோடு அப்படியே நின்றார். பெரியவர் முதுகு வளையாமல் கடைவீதியைக் கடந்தார். முச்சந்தியில் ஹாரனும் அடித்தார்.

பட்டறையில் மெக்கானிக் பானெட்டைத் திறந்தான். உள்ளே தரை தெரிந்தது.

"ஐயா, இது எப்படி வந்துச்சு?"

"எங்க வீட்டு வண்டிப்பா. தானாத்தான் வரும்."

மெக்கானிக் மேசையிலிருந்த இன்ஜினைத் தூக்கப் போய், சுரீரென்று கையை இழுத்துக்கொண்டான்.

"அவசரமில்ல," என்றார் பெரியவர். "மொதல்ல ஆறட்டும்."