பிரபு இறந்த தேதி

“செத்த தேதி இல்லாம ஒரு மனுஷனை எப்படிம்மா அச்சுக்கு அனுப்புறது?” என்று சதாசிவம் கேட்டார். ஜெஸ்ஸிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடலாம் போலிருந்தது.

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு மாடியில் இருந்தது அந்த அலுவலகம். லண்டனில் அச்சாகும் கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகளை இங்கே உட்கார்ந்து திருத்தினார்கள். 2004-ல் அந்தப் பக்கத்தில் அது பெரிய உத்தியோகம். சதாசிவம் அங்கே மேலாளர். ஜெஸ்ஸி ஆறு மாதத் தற்காலிக ஆள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள், ஒரு கேள்விகூட பாக்கியில்லாமல் தன் கட்டுரைகளை முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாமல்லபுரத்தில் ஏதாவது ஓட்டல் வாசலில் நின்று, வருகிறவன் போகிறவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதுதான்.

எல்லாம் முடிந்துவிட்டது, பாலிடாரன் பிரபுவைத் தவிர.

‘லார்ட்’ பட்டம் பெற்ற அயர்லாந்துக்காரர். டப்ளினில் ஒரு பேராசிரியர் அவரைப் பற்றி எழுதியிருந்தார். பிரபுவின் தாத்தா, குதிரை லாயம், எரிந்துபோன மாளிகை, தேர்தலில் தோற்ற கதை என்று இழுத்துக்கொண்டே போன கட்டுரை, எஸ்டேட்டை விற்ற இடத்தில் சட்டென்று நின்றுவிட்டது. ஜெஸ்ஸி ஏழு கேள்விகள் அனுப்பினாள். புகழ்ச்சியைக் குறைக்கச் சொன்னாள். வேட்டை நாய்களுக்கு எதற்கு இரண்டு பத்தி என்றாள். பேராசிரியர் தங்கமான மனுஷர், ஆறு கேள்விக்கு மறுநாளே பதில் எழுதினார். ஏழாவது கேள்வி, பிரபு இறந்த தேதி. அதற்கு மட்டும், ‘அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்’ என்று ஒரே வரி. மறுபடி கேட்டதற்கும் அதே வரிதான் வந்தது.

“இதுல என்னமோ இருக்கு,” என்று சதாசிவம் குரலைத் தாழ்த்தினார். “பெரிய இடத்து சமாசாரம். குடிச்சிட்டுக் குதிரையிலேருந்து விழுந்தாரோ, போகக் கூடாத வீட்டுல போய்ச் செத்துக் கிடந்தாரோ. மறைக்கிறாங்க.”

“நான் என்ன சார் பண்றது?”

“நாசூக்கா கேளு. சதுரங்கப்பட்டினம் கோட்டையில போய்ப் பாரு. செத்து முந்நூறு வருஷமான டச்சுக்காரனுக்கே கல்லுல தேதி வெட்டியிருக்கு. உன் பிரபுவுக்கு இருக்காதா?”

ஜெஸ்ஸி எழுதினாள்: ‘பிரபுவின் மறைவு சங்கடமான சூழ்நிலையில் நேர்ந்திருந்தால் கவலை வேண்டாம். கண்ணியமாகவே எழுதுவோம். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் தேதி கண்டிப்பாக வேண்டும்.’

அன்று சனிக்கிழமை. வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“இன்னாடி, பெசஞ்சி பெசஞ்சி வச்சினுகீற? துன்னு,” என்றாள் அம்மா பாப்பா.

“ஒருத்தரு செத்த தேதி கெடைக்கலம்மா. அது கெடைச்சாதான் வேலை.”

“யாரு, நம்ம சபை ஆளா?”

“அயர்லாந்து. பிரபு.”

“எந்த ஊரா இருந்தா இன்னா? கர்த்தருக்குத் தெரியாதா? சீட்டு எழுதிக் குடு, பாஸ்டர் ஜெபம் பண்ணுவாரு.”

ஜெஸ்ஸிக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் பயம் வெட்கத்தைவிடப் பெரியது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் ஏசுபாதம் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து வாசித்தார். ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரன் அமைய, இன்னொருவருக்கு விசா கிடைக்க. அடுத்ததைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“சகோதரி ஜெஸ்ஸியின் விண்ணப்பம். பாலிடாரன் பிரபுவின் காரியம் வெள்ளிக்கிழமைக்குள் நல்லபடியாக முடியும்படி எல்லாரும் ஊக்கமாக ஜெபிப்போம்.”

சபையே ஊக்கமாக ஜெபித்தது. அம்மா பாப்பாவின் ஆமென்தான் எல்லாருடையதையும்விடச் சத்தமாகக் கேட்டது.

திங்கட்கிழமை பதில் இல்லை. செவ்வாயும் இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மின்னஞ்சலைத் திறந்து பார்த்தே ஜெஸ்ஸிக்கு விரல் நோவு கண்டது. புதன்கிழமை ரயிலில் நின்றபடி, மாமல்லபுரம் ஓட்டல்களின் பெயர்களை மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். டிபன் பாக்ஸ் போனபடியே திரும்பி வந்தது. பேராசிரியரைத் திட்டித் தீர்த்துவிட்டு, செத்தும் தன்னைப் படுத்துகிற அந்தப் பிரபுவையும் திட்டினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம், கம்ப்யூட்டரை அணைக்கப் போகும் நேரத்தில் கடிதம் வந்தது. அனுப்பியவர் பேராசிரியர் அல்ல, வேறு யாரோ.

“தேதி வந்துடுச்சா?” சதாசிவம் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார்.

ஜெஸ்ஸி கடைசி வரி வரைக்கும் படித்திருந்தாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

‘அன்புள்ள செல்வி ஜெஸ்ஸி, உங்கள் கேள்விகளைப் பேராசிரியர் எனக்கு அனுப்பிவைத்தார். புகழ்ச்சி அதிகம் என்று எனக்கும் பட்டது. இவ்வளவு கவனமாகத் திருத்துகிறவரை விட்டுவிடாதீர்கள் என்று லண்டனுக்கு எழுதியிருக்கிறேன். ஏழாவது கேள்விக்கு வருகிறேன். சங்கடமான சூழ்நிலை எதுவும் நேராமல் நிச்சயம் பார்த்துக்கொள்வேன். ஆனால் எனக்குத் தொண்ணூற்றொரு வயதுதான் ஆகிறது, வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று தெரியவில்லை. இப்படிக்கு, பாலிடாரன் பிரபு.’