இடம் இருக்கும்வரை

தன் நிரல் திருத்தத்தைச் சரிபார்த்து நான் எழுதிய கேள்வியை மூன்றாம் முறையாக, பதிலே சொல்லாமல், 'தீர்ந்தது' என்று அமுக்கி மூடியிருந்தான் ப்ரெண்ட்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

மருத்துவமனைகளில் நோயாளியின் கைப்பட்டையில் பெயர் அச்சிடும் நிரல் எங்களுடையது. சி மொழியில் யாரோ எப்போதோ எழுதியது. பெயர் நீளமாக இருந்தால் ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் போய்க் கொட்டும், நிரலே விழுந்துவிடும். அதைத்தான் ப்ரெண்ட் திருத்தியிருந்தான். இடம் இருக்கும்வரை எழுது, மிச்சத்தை விட்டுவிடு.

கணினி காட்டிய எச்சரிக்கைகள் எல்லாம் மறைந்துவிட்டன. சோதனைகள் எல்லாம் தேறி, பச்சை.

மிச்சத்தை விட்டதை யாரிடம் சொல்கிறாய்? என் கேள்வி அவ்வளவுதான். பழையது விழுந்தால் ஊருக்கே தெரியும். இது சத்தமில்லாமல் கழுத்தறுக்கும்.

நான் ஒப்புக்கொண்டால் இன்றைக்கே தெருக்கோடி மருத்துவமனையில் ஏற்றிவிடுவார்கள். நாளையிலிருந்து அவனுக்கு நீண்ட விடுப்பு, அதற்குள் முடிக்க வேண்டுமாம். அவனை வழியனுப்ப மேலாளர் டோரீன் கேக்கும் வெட்டியாயிற்று. நான்தான் நல்ல காரியத்தில் முட்டுக்கட்டை போடுகிறேனாம்.

"முப்பது எழுத்துக்கு மேல யாருக்குப் பேரு இருக்கு, மாரீன்? சும்மா நோண்டிக்கிட்டே இருக்காத," என்றான், வாய் நிறையக் கேக்கோடு.

பற்றிக்கொண்டு வந்தது. அவனுடைய திருத்தத்தை என் கணினியில் ஏற்றி, சோதனை அச்சுப்பொறியை முடுக்கினேன்.

பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும்வரை கைப்பட்டையில் தாயின் குடும்பப்பெயர்தான் இருக்கும். அடுத்து, ஆணா பெண்ணா என்பது. இரட்டை என்றால் கடைசியில் ஏ, பி என்று ஓர் எழுத்து.

அப்படி இரண்டு பெயர்களை அடித்தேன். வந்த பட்டைகளைக் கொண்டுபோய் அவன் தட்டின் இரண்டு பக்கமும் வைத்தேன்.

"எது எந்தக் குழந்தைன்னு நீயே சொல்லு."

கிறிஸ்டோபர்சன்-வாண்டன்பெர்க், ஆண் என்று ஆங்கிலத்தில் முப்பது எழுத்தோடு நின்றிருந்தது ஒன்றில். மற்றதிலும் அதேதான்.

ப்ரெண்ட் மெல்லுவதை நிறுத்தினான். அது அவன் மனைவி ஹெய்டியின் குடும்பப்பெயர்.

வெட்டியது போக மிச்சமிருந்த கேக்கின் மேல், நீலச் சர்க்கரையில் செய்த குட்டிக் காலணிகள் அப்படியே இருந்தன. இரண்டு ஜோடி.