கரடி அழும்

பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். டுலூத் நகரத்தின் பனி வெளிச்சம் ஜன்னல் வழியே சின்ன நாற்காலிகளின் மேல் வெளிறிக் கிடக்கிறது. அம்மா வரக் காத்திருக்கும் நான்கு வயது டில்டா மட்டும், எங்கள் மழலையர் வகுப்புக்கு வாங்கலாமா என்று பார்க்கிற எண் விளையாட்டைத் தொடுதிரைக் கணினியில் ஆடுகிறாள். “இதையே எடுத்துடலாம்ப்பா லோர்னா. நாம கதை சொன்னா அஞ்சு நிமிஷம் உக்காராது இந்த வாலு. இப்ப பாரு, அசையல!” என்று சிரிக்கிறாள் என்னுடன் வேலை செய்யும் பெர்னிஸ். அசையாமல் எங்கே இருக்கிறாள்? கால்களைப் பின்னிப் பின்னி முறுக்குகிறாள். திரையில் வெளியேறுவதற்கான சிவப்புக் கதவைத் தொடுகிறாள். உடனே ஒரு கரடிக்குட்டி உதட்டைப் பிதுக்கி, “அதுக்குள்ள என்னை விட்டுப் போறியா?” என்று கேட்டுக் கண்ணீர் விடுகிறது. கீழே ‘ஆமாம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான்கள். டில்டா அவசரமாக அடுத்த கணக்குக்குத் திரும்புகிறாள். கரடி கைதட்டுகிறது. மறுபடி கதவு, மறுபடி கண்ணீர். அப்புறம் அவள் கால்கள் ஓய்ந்துவிடுகின்றன. நாற்காலி விளிம்பிலிருந்து தரையில் சொட்டுகிறது. “பாத்ரூம் வருதுன்னு சொல்லியிருக்கக் கூடாதாடா கண்ணு?” என்கிறேன். “நான் போனா அது அழும் மிஸ்.” ஈரத்தோடு அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நானே அந்தக் கதவைத் தொடுகிறேன். கரடி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறது. ‘ஆமாம்’ என்ற பொத்தானுக்கு மேலே என் விரலும் ஒரு கணம் நின்றுவிடுகிறது.