கேட்டால் ஒரு தட்டு

பெட்டியில் ஒரு குழி காலியாக இருந்தது.

அவள் மறுபடி எண்ணினாள். கைடான அவள் பேசுவதைக் கேட்க, பயணிகள் காதில் மாட்டும் செட்டுகள் இருபத்து மூன்று. வந்திருக்க வேண்டியது இருபத்து நான்கு.

வராத செட் ஞானசம்பந்தம் சாருடையது. சாரும் வரவில்லை.

"அவருக்குச் சாயங்காலமானா கண்ணு மங்கிடும்மா," என்றார் அவர் மனைவி. "உங்க குரலைப் பிடிச்சுக்கிட்டுதான் நடந்துக்கிட்டிருந்தாரு."

இதை டிக்கெட் எடுக்கும்போதே சொல்லியிருக்கலாம். யார் சொல்கிறார்கள்?

மணி ஐந்துகூட ஆகவில்லை. அதற்குள் மேகம் இறங்கி மலைக்கோட்டையை முக்கால்வாசி விழுங்கியிருந்தது. மற்றவர்கள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வாட்ச்மேன் கிழக்குப் பாதையில் தேடப் போயிருந்தார்.

இறங்கி வரும்போது, முன்னால் நின்ற கும்பலைப் பார்த்து, "இடது பக்கம் திரும்புங்க" என்று மைக்கில் சொன்னாள். தினமும் சொல்வதுதான்.

பின்தங்கியவர் காதுக்குள்ளும் அதே நொடியில் அது கேட்டிருக்கும். பக்கத்தில் நின்று சொல்வதுபோலவே கேட்டிருக்கும்.

அவர் நின்ற இடத்தில் இடது பக்கம் என்ன இருந்தது?

மேல் வளைவில் இடது பக்கம் கைப்பிடிச் சுவர் கிடையாது. எட்டிப் பார்த்தால் மரங்களின் உச்சி தெரியும்.

ஒரு மனுஷனை வாயாலேயே தள்ளிவிட்டோமோ என்று நினைத்தாள்.

மேலே ஓடலாம். ஆனால் அடிவாரத்துப் பாறையை விட்டு நகர்ந்தால் சிக்னல் அறுந்துவிடும். இங்கிருந்து பேசினால்தான் மலை முழுக்க எடுக்கும். அவள் பேசலாம், அவர் கேட்கலாம். பதில் சொல்ல அந்தக் கருவியில் வழியில்லை.

மைக்கை உதட்டருகே கொண்டுபோனாள்.

"சார், அசையாதீங்க. எங்க இருக்கீங்களோ அங்கேயே நில்லுங்க. நான் பேசறது கேட்டா, ஒரே ஒரு தடவை கை தட்டுங்க."

காற்று மட்டும் வீசியது.

பிறகு, ஒரு தட்டு.

அவளுக்குப் பக்கத்தில் வந்து முடியும் சுரங்கப் படிக்கட்டின் உச்சியிலிருந்து வந்தது.

"அவருதான்," என்று அந்த அம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல்கள் சில்லிட்டிருந்தன.

சுரங்கப் படி என்றால் பயமில்லை. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு படிகள். பட்டப்பகலிலேயே கும்மிருட்டுதான். ஆனால் எந்தப் படி வழுக்கும், எங்கே தலை இடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"வலது கையைச் சுவர்ல வைங்க சார். ஒரு படி இறங்கினா அந்தச் சுவர்லயே ஒரு தட்டு. சரியா?"

தட்டு.

"அடுத்தது."

தட்டு.

உரக்கப் பேசினால் செட்டில் இரையும் என்பதால் அவள் குரலை எப்போதும் தணித்தே வைத்திருப்பாள். பக்கத்தில் நின்ற அந்த அம்மாவுக்கே பாதிதான் கேட்டது.

நாற்பது. ஐம்பது. எழுபதில் குனியச் சொன்னாள். குனிய எடுக்கும் நேரம் கழித்துத் தட்டு வந்தது. நல்ல மனுஷன், சொன்ன சொல் கேட்கிறார் என்று நினைத்தாள்.

தொண்ணூற்றிரண்டு.

"அடுத்தது..."

"யம்மோவ்! சார் இந்தா இருக்காரு!"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. கிழக்குப் பாதையில் வாட்ச்மேன். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஞானசம்பந்தம்.

"குளத்து மண்டபத்துல வெச்சே இது செத்துப்போச்சும்மா," என்று கழுத்திலிருந்த செட்டைக் கழற்றினார். "குரல் நின்னதும் நானும் அங்கேயே உக்காந்துட்டேன்."

அப்படியென்றால் இடது பக்கம் என்று அவள் சொன்னதே அவர் காதுக்குப் போகவில்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செட்டை வாங்கிக் குழியில் வைத்தாள். இருபத்து நான்கும் இருந்தன. பெட்டியை மூடினாள்.

தட்டு.

நால்வரும் படிக்கட்டின் வாயைப் பார்த்தார்கள்.

"மேல யாரும் இல்லம்மா," என்றார் வாட்ச்மேன். அவர் குரல் இறங்கிவிட்டது. "மேல் கதவை நான்தானே பூட்டிட்டு வந்தேன்."

அந்த அம்மா அவள் கையை விட்டார். கணவரை இழுத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தார். வாட்ச்மேனும் அவர்கள் பின்னாலேயே போனார்.

அவள் பெருவிரல் மைக்கின் சுவிட்ச்மேல் இருந்தது. அணைத்துவிட்டுப் போய்விடலாம். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

அவள் பேசவில்லை. உள்ளேயும் சத்தமில்லை.

தொண்ணூற்று மூன்றாம் படியில் அது நின்றுகொண்டிருந்தது. வலது கை சுவரில் இருக்கும். அவள் வைக்கச் சொன்ன கை.

ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனாலும் கால் நகரவில்லை. அடுத்த படி பாதி உடைந்த படி. தெரியாமல் கால் வைத்தால் கீழே வரை உருள வேண்டியதுதான். இருட்டில் கூட்டி வந்தவள் அவள்தானே.

மைக்கை உதட்டருகே கொண்டுபோனாள். இந்த முறை சார் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அடுத்த படி உடைஞ்சிருக்கு. அதுல கால் வைக்காதீங்க. சுவரைப் பிடிச்சு, தாண்டி வாங்க."

வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை.

பிறகு, தட்டு.

இன்னும் பதினேழு படிகள் இருந்தன.